மேடை நாற்காலியில் ஒரு மோளம்

சோளக்காட்டுப்பாளையத்தில் தேசபக்திக்குப் பஞ்சமே கிடையாது. ஆகஸ்ட் பிறந்தால் தறிக்கூடத்து வாசலில் கொடி, புல்லட்டில் கொடி, பால் சொசைட்டிக் கதவில் கொடி. எல்லையில் எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் போதும், பேக்கரி வாசலில் டீ ஆறுவதற்குள் ஊர்க்காரர்கள் ரெண்டு நாட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு வீரம் பொங்கும் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ண, விரலை மடக்கவே வேண்டாம். ஒருத்தர்கூட இல்லை. இந்திய ராணுவத்துக்கு இந்த ஊர் அதுவரை செய்த ஒரே காரியம், திருமூர்த்தி மகன் சுரேந்தரின் தார் ஜீப்பில் பின்பக்கம் ஒட்டிய 'கமாண்டோ' ஸ்டிக்கர்தான்.

ஊர் முடிந்து ஓடைப் பாலம் தாண்டினால் காலனி. அங்கே இரண்டாவது வரிசையில், நீலக் கதவு போட்ட வீடு வேலனுடையது. வயது இருபது, படிப்பு ப்ளஸ் டூ, தொழில் மோளம். பதினான்கு பையன்கள் சேர்ந்த ஜமாப் செட்டுக்கு அவன்தான் தலை. கோயமுத்தூர்ப் பக்கம் கல்யாண ஊர்வலமோ, நோம்பி என்கிற கோயில் திருவிழாவோ, காலேஜ் விழாவோ, ஜமாப் இல்லாமல் இப்போது எதுவும் நகர்வதில்லை. பதினான்கு மோளம் ஒன்றாக இறங்கினால் காதோடு சேர்ந்து வயிறும் அதிரும். வேலன் முன்னால் நின்று அடியை மாற்றுவான். மற்ற பதின்மூன்று பேரும் அவன் குச்சியைப் பார்க்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். மூன்று மணி நேரம் நுனிக்காலில் குதித்துக்கொண்டே அடிக்க வேண்டும். தலை நின்றால் செட்டே நின்றுவிடும். அதனால் நிற்பது என்றால் என்னவென்றே அவன் காலுக்குத் தெரியாது.

செட்டில் எல்லோரும் பிளாஸ்டிக் தோலுக்கு மாறிவிட்டார்கள். வேலன் மட்டும் அவன் அப்பா நஞ்சப்பனுடைய மோளத்தை, மாட்டுத்தோல் கட்டியதை, வைத்திருந்தான். நஞ்சப்பனைப் பைபாஸில் லாரி அடித்தபோது வேலனுக்கு வயது பதினொன்று. அதற்கப்புறம் வீட்டில் அம்மா மயிலாத்தாளும் அவனும்தான். மயிலாத்தாள் திருமூர்த்தியின் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறாள்.

இந்தச் சீமையில் மரியாதை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். நிஜம்தான். பால் கறக்கும்போது எருமையைக்கூடத் "தள்ளி நில்லுங்க" என்று கேட்டுக்கொள்ளும் ஊர் இது. ஆனால் அந்த மரியாதை ஓடைப் பாலம் வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் வண்டி போகாது. காலனிக்காரர்கள் தோட்டத்துக்காரர்களைப் 'பண்ணாடி' என்று கூப்பிட வேண்டும். அவர்களோ காலனிக்காரர்களைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் செல்போனில் வேலனின் நம்பர் இருக்கிறது. 'மோளம்' என்று பதிந்து வைத்திருக்கிறார்கள்.

நோம்பி முடியும் நாளில் மோளக்காரனுக்கு மரியாதை செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர் புதுத் துண்டை விரித்தபடி வருவார். மோளக்காரன் கழுத்தில் மோளத்தோடு குனிந்து நிற்க வேண்டும். துண்டு அவன் தோளில் விழாது. மோளத்தின் மேல் விழும். அதுவும் நாலு விரல் உயரத்திலிருந்து, கை தோலில் பட்டுவிடாமல். ஆளைத் தொட்டால் தீட்டு, தோலைத் தொட்டால் அதைவிடத் தீட்டு, மரியாதை செய்யாவிட்டால் சாமி குத்தம். மூன்றுக்கும் பொதுவாக இப்படி ஒரு வழி கண்டுபிடித்த மூளையை ராக்கெட் விடக் கொடுத்திருக்கலாம். முப்பது வருஷமாகத் துண்டு போடும் கை திருமூர்த்தியுடையது. நாற்பது தறிக்குச் சொந்தக்காரர், பழைய பஞ்சாயத்துத் தலைவர், வரப்போகிற தேர்தலிலும் தலைவராகியே தீருவது என்று இருப்பவர்.

வேலனுக்குப் பட்டாள ஆசை வந்தது போன வருஷம் பங்குனியில், கொடுமுடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில். காஷ்மீரில் இறந்துபோன ஒரு பாரா கமாண்டோவின் உடலைக் கொண்டுவந்திருந்தார்கள். அவனும் ஒரு காலனிப் பையன். ஜமாப் என்றால் உயிராம், அதனால் சொந்தக்காரர்கள் வேலன் செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் அடித்தார்கள். பெட்டியைத் தூக்கும் நேரம் வந்ததும், இனி ராணுவ முறைப்படி, மோளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆறு பேர் தூக்கினார்கள். மெரூன் கலர்த் தொப்பி. வீட்டிலிருந்து சுடுகாட்டுக்கு வரப்பு வழி, வாய்க்கால், அப்புறம் ஒரு மேடு. வேலன் கண் அவர்கள் காலிலேயே இருந்தது, வேறெங்கே இருக்கும்? சேற்றில் இறங்கினார்கள், மேட்டில் ஏறினார்கள். பன்னிரண்டு காலும் ஒரே அடி. முன்னால் மோளம் இல்லை, எண்ணிச் சொல்ல ஆள் இல்லை. தன் காலைப் பார்க்காமல் பதின்மூன்று பேரும் நாலு எட்டு வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவனுக்கு, அந்தச் சத்தமில்லாத தாளம் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அதைவிட, சாலையோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்களையும் பார்த்தான். எல்லாம் அந்த ஊர்ப் பண்ணாடிகள்.

எல்லாம் முடிந்தபின் அந்த ஆறு பேரில் ஒருத்தன், மோளங்களை இறக்கி வைத்திருந்த புங்கமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தான். சட்டை முழுக்க வேர்வை. பாட்டிலில் வாய் வைத்துப் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மீதியைப் பக்கத்தில் இருந்த வேலனிடம் நீட்டினான். அப்புறம் அப்பாவின் மோளத்தை இழுத்து மடியில் வைத்து, உள்ளங்கையால் தோலைத் தடவி, ரெண்டு தட்டுத் தட்டி, இந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்தான். வேலனுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் வாய் வைத்த பாட்டிலில் வேலன் வாய் வைத்துக் குடித்தான். இருபது வருஷத்தில் காலனிக்கு வெளியே ஒருத்தனும் அவனுக்கு அப்படித் தண்ணீர் கொடுத்ததில்லை.

திரும்பும் வழியில் வேனில் வைத்தே சொல்லிவிட்டான், நான் இவனுக கூடத்தான் போகப் போறேன் என்று. செட்டில் அவனுக்கு அடுத்த ஆள் சரவணன். அவன் வேன் ஜன்னலில் தலையை முட்டி முட்டிச் சிரித்தான்.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பைவிட நாக்குத்தான் முதலில் வரும். நாலு வருஷம் வேலை, நூற்றுக்கு இருபத்தஞ்சு பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மகன் விவரம் சொன்னபோது, நூல் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்தாள்.

"நாலு வருசம்னு பேசி ஆள் எடுக்கறானாமா? நோம்பிக்கு மோளம் பேசறாப்பல. கடேசில துண்ட மோளத்து மேல போட்டுத் தாட்டி உட்டுருவானுக. அதுக்கு நீ சாகோணும்."

கமாண்டோ படையில் நேராகச் சேர முடியாது. முதலில் சாதாரணப் படையில் எடுபட வேண்டும், பயிற்சியில் யார் வருகிறீர்கள் என்று கேட்கும்போது கை தூக்க வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் சோதனை. பத்துப் பேர் கை தூக்கினால் எட்டுப் பேர் திரும்பி வருவார்கள். இதையெல்லாம் வேலன் செல்போனில் தேடித் தேடிப் படித்தான். ஆன்லைன் பரீட்சை எழுதினான், பாஸானான். விடியற்காலையில் ஓடைக்கரையில் ஓட ஆரம்பித்தான்.

அதே பரீட்சையைச் சுரேந்தரும் எழுதியிருந்தான். அவனுக்கும் இருபது. சுரேந்தரின் ராணுவ வாழ்க்கை முழுக்க ஜிம் கண்ணாடிக்கு முன்னால் நடந்தது. புஜத்தில் பாரசூட் டாட்டூ, இடுப்பில் பாக்கெட் பத்து வைத்த பச்சைக் கால்சட்டை, வாரம் மூன்று ரீல்ஸ். எல்லா ரீல்ஸிலும் மெதுவாகவே ஓடுவான். அது எடிட்டிங் என்று ஊர் நம்பியது.

வேலன் சங்கதி தெரிந்ததும், பேக்கரி வாசலில் பத்துப் பேர் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினான்.

"கமாண்டோவா? டேய், சண்டையில எழவு உழுந்தா மோளம் அடிக்க ஆள் வேணும்னு கூப்புட்டிருப்பானுக."

"இருக்குமுங்க," என்றான் வேலன், பணிவு ஒரு துளியும் சிந்தாமல். "முன்னால அடிச்சுட்டுப் போறது எங்க சோலிங்க. பின்னால படுத்துட்டு வாறது உங்க இஷ்டமுங்க."

பேக்கரிக்காரர் பஜ்ஜிச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ஓட்டப் பந்தய நாள். ஆயிரத்து அறுநூறு மீட்டர், மைதானத்தை நாலு சுற்று. சுரேந்தர் தார் ஜீப்பில் வந்து இறங்கினான். புது ஷூ, முழங்காலுக்கு உறை, கையில் நீலக் கலர்த் தண்ணீர். வேலன் வந்தது டவுன்பஸ்ஸில், பழைய கேன்வாஸ் ஷூவில். நெஞ்சில் நம்பர் குத்தி இருநூறு பேரை ஒன்றாக விட்டார்கள். முதல் சுற்றில் சுரேந்தர்தான் முன்னால். வேலன் தலைக்குள் ஊர்வலம் கிளம்பும்போது அடிக்கும் நிதான அடியைப் போட்டுக்கொண்டான். காலுக்கு அது போதும், அது தெரிந்த அடி. இரண்டாவது சுற்று முடியும் இடத்தில் ஒருத்தன் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலன் தாண்டும்போதுதான் டாட்டூவைப் பார்த்தான். மூன்றாவது சுற்றில் அடியை மாற்றினான். நாலாவதில், சாமி கோயிலுக்குள் நுழையும் நேரத்தில் பதினான்கு மோளமும் வெறி பிடித்து அடிக்குமே, அதை உள்ளே அவிழ்த்துவிட்டான். ஐந்து நிமிஷம் எட்டு செகண்ட். தேற ஐந்தரை நிமிஷமே போதும். மூச்சு வாங்க நின்றபோதும் கால் நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

சுரேந்தருக்குத் தூசி அலர்ஜி என்று ஊரில் சொன்னார்கள். எல்லையில் தூசி இல்லாத இடம் ஏதாவது இருந்தால் அவன் போயிருப்பான் போலிருக்கிறது.

உடல் சோதனை முடிந்து, சான்றிதழ் பார்க்கும் நாளில்தான் சிக்கல் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹவில்தார் நல்ல மனுஷர். வேலனின் உள்ளங்கையைப் பார்த்து, இது என்னப்பா காய்ப்பு என்று கேட்டார். மோளம் என்றதும், மேஜையில் ரெண்டு அடி அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராணுவ பேண்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார் ஹவில்தார். இந்தக் கைக்கு இடம் நிச்சயம். அணிவகுப்பு, விழா, கண்ணாடி மாதிரி ஷூ, குண்டுச் சத்தமே கேட்காது. இல்லை, சாதாரணப் படையில் சேர்ந்து கமாண்டோவுக்குக் கை தூக்குவேன் என்றால் அது உன் இஷ்டம். திங்கட்கிழமை லிஸ்ட் போகிறது, ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குள் போன் பண்ணிச் சொல் என்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.

இதைக் கேட்டபிறகு மயிலாத்தாள் முதன்முறையாக ஒருவேளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். மோளமும் கையில் இருக்கும், மகனும் உயிரோடு இருப்பான், இன்னும் என்ன வேண்டும்? சரவணனும் அதையே சொன்னான். செட்டே சொன்னது. வேலன் நாலு நாள் ரெண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தான். கொடுமுடியில் பார்த்த பன்னிரண்டு கால் அவனை விடவில்லை. ஆனால் அம்மா ராத்திரியெல்லாம் முழித்துக் கிடப்பதும் தெரிந்தது. மோளத்தின் மேல் அவனுக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது, அது அவனுக்கு உயிர். சனிக்கிழமை பொழுதோடு, நான் பேண்டுக்கே போறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். காலையில் போன் பண்ண வேண்டியதுதான் பாக்கி.

இதற்கு நடுவில் திருமூர்த்திக்கு ஒரு தர்மசங்கடம். மகன் எடுபட்டுவிடுவான் என்ற நம்பிக்கையில் அவர் ஓட்டப் பந்தயத்துக்கு முன்னாலேயே பாராட்டு விழாவுக்கு நாள் குறித்து, பந்தல் பேசி, கட்சி ஒன்றியச் செயலாளரிடம் தேதி வாங்கி, ஃப்ளெக்ஸும் அடித்து வைத்திருந்தார். 'எல்லை காக்கப் புறப்படும் எங்கள் சிங்கமே' என்று. சிங்கம் இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டது. செயலாளர் தேதியை மாற்ற முடியாது. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், காலனியில் ஒரு பையன் எடுபட்டிருக்கிறான் என்று. காலனியில் முந்நூறு ஓட்டு இருக்கிறது. திருமூர்த்திக்கு அந்த நிமிஷமே நாட்டுப்பற்று காலனி வரைக்கும் பாய்ந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம் சொல்லிச் சுரேந்தரின் முகத்தின் மேல், காலனியிலிருந்து யாரோ அனுப்பிய போட்டோவில் இருந்த முகத்தை ஒட்டவைத்தார். கீழே உடம்பு அதேதான். ஜிம் நெஞ்சு, பச்சைச் சட்டை, கையில் துப்பாக்கி.

பந்தல், மைக், டிபன் எல்லாம் சரி. ஜமாப்? போனை எடுத்து 'மோளம்' என்ற பெயரைத் தட்டினார்.

"ஏப்பா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் மைதானத்துல விழா. பட்டாளத்துக்குப் போற பையனுக்கு. செட்டு பூராவும் வந்துரோணும், நல்லா அடிக்கோணும்."

"யாருக்குங்க பண்ணாடி?" என்றான் வேலன்.

"நம்ம மயிலாத்தா மகனாமா. வேலனோ என்னமோ. தெரியுமா உனக்கு?"

"பாத்திருக்கறனுங்க. வாரமுங்க."

முப்பது நோம்பிக்குத் துண்டு போட்ட மனுஷர். கடைசி நாலு நோம்பியில் அவர் துண்டு போட்டது வேலனின் மோளத்தில். அந்த மோளத்துக்கு மேலே ஒரு முகம் இருந்ததை அவர் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை. சரவணன் இந்த முறை சிரிக்கவில்லை, போக வேண்டாம் என்றான். வேலன்தான், ஒத்துக்கொண்ட அடியை அடிக்காமல் விட்டால் செட்டுக்கு அசிங்கம், அதோடு கடைசியாக ஒருதரம் எல்லோரும் சேர்ந்து அடிப்போம் என்று கிளப்பிக்கொண்டு போனான்.

ஞாயிறு பத்து மணி. மேடையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் இருந்ததில் வெள்ளைத் துணி போட்டு 'மாவீரர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒன்றியச் செயலாளர், திருமூர்த்தி, அவர் சம்பந்தி, இன்னும் ரெண்டு பேர். சுரேந்தர் மேடை ஓரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான், ஏற்பாடு பூராவும் தன்னுடையது என்கிற மாதிரி. வேலனின் தலை ஒட்டிய சுரேந்தரின் உடம்பு ஃப்ளெக்ஸில் துப்பாக்கியோடு எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. கீழே வேலன் செட் ஒரு மணி நேரம் மண்ணைக் கிளப்பி அடித்தது. நாற்காலியில் இருந்த ஒருத்தருக்கும் ஃப்ளெக்ஸில் இருக்கும் முகத்தையும் கீழே அடிக்கும் முகத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தெரிந்த ஒரே ஆள் சுரேந்தர், தன்னை ஓட்டத்தில் தாண்டிப் போனவன் இந்த மோளக்காரன்தான் என்று அப்பாவிடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

மாவீரன் வேலன் அவர்கள் மேடைக்கு வரவும் என்று மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். வேலன் கையைத் தூக்கினான். பதின்மூன்று மோளமும் நின்றன. கழுத்தில் மோளத்தோடு படியேறினான்.

மைக்செட்காரர் மைக்கைக் கையால் பொத்தி, மோளம் அப்புறம், கீழே நில்லு என்றார்.

"நாந்தானுங்க வேலன்," என்றான்.

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. திருமூர்த்தியின் முகத்தில் ரெண்டு செகண்ட் ஒன்றுமே இல்லை, கரண்ட் போன வீடு மாதிரி. ஆனால் முப்பது வருஷ அரசியல் இருக்கிறதே, உடனே எழுந்தார், சிரித்தார், பொன்னாடையை உதறி விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். போட்டோக்காரன் குனிந்தான். கூட்டம் கை தட்டியது.

வேலனுக்கு எதிரே வந்து நின்றதும் அந்தக் கை தானாகவே போக வேண்டிய இடத்துக்குப் போனது. நாலு விரல் உயரத்திலிருந்து, தோலில் படாமல், பொன்னாடை மோளத்தின் மேல் விழுந்தது.

திருமூர்த்திக்குத் தான் செய்தது தெரியவேயில்லை. செயலாளருக்கும் தெரியவில்லை. இன்னொன்று எடுத்துக்கறேனுங்க என்றான் போட்டோக்காரன். ஆனால் வேலனுக்கு ஒன்று தெரிந்தது. துண்டு வரும்போது அவன் கழுத்து குனிந்திருந்தது. யாரும் குனியச் சொல்லவில்லை. அதுவாகவே குனிந்துவிட்டது. எதிரே நின்றவரைவிட அந்த நிமிஷம் தன் கழுத்தின் மேல்தான் அவனுக்கு அருவருப்பு வந்தது.

நிமிர்ந்து அம்மாவைத் தேடினான். மயிலாத்தாள் ஏற்கெனவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். அவள் கண் பொன்னாடையின் மேல் இருந்தது. நாலு நாளாக, பேண்டுக்குப் போ சாமி, மோளத்தோட போ சாமி என்று கெஞ்சியவள்.

"வேலா, அத எறக்கி வெய்யி," என்றாள். "அத மாட்டிட்டுப் போனா அங்கயும் குனியத்தான் போற."

வேலன் கழுத்து வாரைக் கழற்றினான். பொன்னாடை போர்த்தியபடியே மோளத்தைத் தூக்கிக்கொண்டு போய், 'மாவீரர்' என்று ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்தான்.

"மரியாதை மோளத்துக்குத்தானுங்களே பண்ணாடி. அதே உக்காரட்டுங்க."

திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டான். மணி பதினொன்று நாற்பது. மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் நின்று, ஹவில்தார் எழுதிக் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டான். பேண்டு வேண்டாம் என்றான். சாதாரணப் படையிலேயே போடுங்கள், கமாண்டோவுக்கு ஆள் கேட்கும்போது கை தூக்குவேன் என்றான். பத்துக்கு எட்டுப் பேர் திரும்பி வருவான்ப்பா என்று அவர் எச்சரித்தது பக்கத்தில் நின்ற மயிலாத்தாளுக்கும் கேட்டது. தெரியுமுங்க சார் என்றான் வேலன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், ஆனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேடையில் விழா நின்றபாடில்லை. நிற்கவும் முடியாது, செயலாளர் இன்னும் பேசவில்லையே. ஆனால் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மோளம் உட்கார்ந்திருக்கிறது. அதை யார் எடுப்பது? திருமூர்த்தி கண்ணால் செட்டுப் பையன்களைக் கூப்பிட்டார். சரவணன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் கட்டினாலும் அந்த லேஸ் கட்டுப்படவில்லை. மற்றவர்கள் தங்கள் மோளத்தை உறையில் போட்டு வேனில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். சம்பந்தி நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில் திருமூர்த்தி மகனுக்குச் சாடை காட்டினார். சுரேந்தர் வந்தான், குனிந்தான், பொன்னாடைக்குக் கீழே தெரிந்த மாட்டுத்தோலைப் பார்த்தான். பாரசூட் குத்திய கை பாதி வழியில் நின்று, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பியது.

செயலாளர் அரை மணி நேரம் நாட்டுக்காக உயிரைக் கொடுப்பது பற்றிப் பேசினார். ஸ்பீக்கர் சத்தம் பட்டு, அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் மோளம் உம்ம் என்று உறுமியது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் பெண்கள். அப்புறம் பேக்கரிக்காரர், இந்த முறை திரும்பிக்கொள்ளாமல்.

"உங்கப்பன் மோளம்டா அது, இவனுககிட்ட உட்டுட்டுப் போகவா," என்று மயிலாத்தாள் கிளம்பினாள். செருப்போடு படியேறினாள். பேச்சு நின்றது. வரிசையாக உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர்களுக்கு முன்னால் நடந்து போய், பொன்னாடையை எடுத்து மோளத்தின் மேல் படிந்த புழுதியைச் சுத்தமாகத் துடைத்தாள். துடைத்த துணியை நாற்காலியில் போட்டாள். மோளத்தை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு இறங்கினாள். திருமூர்த்தியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், நாளையிலிருந்து நூல் சுற்ற வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி. சோமனூர்ப் பக்கம் தறிக்கா பஞ்சம்?

ஓடைப் பாலத்தில் அம்மாவும் மகனும் நடந்தார்கள். பின்னால் வேன் மெதுவாக வந்தது. மோளத்தைக் கொடு என்று வேலன் கேட்டான், அவள் தரவில்லை. சரவணன் கைக்குத்தான் கொடுப்பேன், செட்டு நிற்கக் கூடாது என்றாள். பாலம் தாண்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்துல எட்டுப் பேரு திரும்பி வாறானுகளாமா. நீ வந்தீன்னா நேரா ஊட்டுக்கு வா கண்ணு. ஊருக்குள்ள சொல்லிப் போடாத. அவனுக மறுக்காவும் பாராட்டு விழா வெச்சுப் போடுவானுக."